மீற்றர் சிமிட்டுவதை எண்ணச் சொல்லுங்கள்: வன்னிப் பள்ளிக்கூடத்தில் வீட்டு லைற் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு

மூன்று பல்ப்பும் ஒரு வயர்ச் சுருளும் பையில் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் முதல் நாள் போனேன். வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை உள்ளே விட்டார்கள், ஆனால் அன்றைக்குக் கரண்ட் இல்லை. மூன்றாம் முறை கரண்ட் இருந்தது, என் பிளக் அவர்களுடைய சுவருக்குள் போகவில்லை. நான்காம் முறைதான் பாடம் நடந்தது. பல்கலைக்கழகப் பிள்ளைகள், தொண்டாக வருகிறவர்கள், புதிதாக நியமனம் பெற்று வரும் விஞ்ஞான ஆசிரியர்கள் என்று பலரும் இதே பாடத்தை, அதாவது எந்த பல்ப் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று மீற்றரில் காட்டும் பாடத்தை, எடுக்க ஆசைப்படுகிறார்கள். என் மூன்று வீண் பயணமும் உங்களுக்கு வேண்டாம்.

இது தரம் 8 முதல் சாதாரண தரம் (தரம் 11) வரைக்கும் பொருந்தும். இரண்டு பாடவேளை அடுத்தடுத்து வேண்டும். ஒன்றுக்குள் அடக்கப் பார்த்தால் பாதியில் மணி அடித்துவிடும்.

1. கடிதம் முதலில், பல்ப் பிறகு

நீங்கள் அந்தப் பாடசாலை ஆசிரியராக இருந்தால் அதிபரிடம் வாயால் சொல்லி, பாடக் குறிப்பில் எழுதினால் போதும். வெளியாள் என்றால் கதை வேறு. "கடிதம் கொண்டு வந்தனீங்களோ, தங்கச்சி?" என்று அதிபர் கேட்டபோது நான் முழித்த முழிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவரில் பிழை இல்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு முகம் தெரியாத ஒருத்தி வயரும் பிளக்குமாக வந்து நின்றால் யார் விடுவார்கள்?

எழுத வேண்டியது இரண்டு கடிதம். ஒன்று அதிபருக்கு. மற்றது, அதிபர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. எந்த வலயம் என்று முதலில் கேட்டு அறியுங்கள். மல்லாவிப் பக்கப் பள்ளிக்கூடம் முல்லைத்தீவு மாவட்டம்தான், ஆனால் அது துணுக்காய் வலயம். முல்லைத்தீவு வலயத்துக்கு முகவரி இட்டால் கடிதம் சுற்றிக்கொண்டு திரியும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: திகதி, வகுப்பு, எத்தனை பாடவேளை, கொண்டு வரும் பொருட்களின் பட்டியல், மின்பலகையைச் (மூன்றாம் படியில் வருகிறது) செய்த மின்தொழிலாளரின் பெயர், பிள்ளைகள் யாரும் 230 வோல்ற் வயரைத் தொடமாட்டார்கள் என்ற ஒரு வரி. கடைசி வரிதான் கையெழுத்து வாங்கித் தரும். அடையாள அட்டைப் பிரதி ஒன்றை இணையுங்கள். படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். எழுதாவிட்டால் போனைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

காலம்: இரண்டு கிழமை என்று கணக்குப் போடுங்கள். தவணைப் பரீட்சை நேரமென்றால் ஒரு மாதம். கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "இன்னும் வரவில்லை" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

2. நாள் பார்த்தல்

நல்ல நாள் கெட்ட நாள் அல்ல, கரண்ட் நாள். திருத்த வேலைக்காகப் பகலில் மின்தடை வருவது இங்கே வழமை. முதல் நாளே உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல். அந்த மாதங்களில் காலைப் பாடவேளையையே கேளுங்கள். காலபோக அறுவடை நாட்களில் பாதி வகுப்பு வயலில் நிற்கும். வராத பிள்ளையைக் குறை சொல்லாமல் நாளை மாற்றுவதுதான் முறை.

3. மின்பலகை செய்தல்

ஒரு பலகை, அதில் மூன்று ஹோல்டர், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிச், எல்லாவற்றுக்கும் ஒரு பிளக். இரண்டு ஹோல்டரைப் பலகையில் நிரந்தரமாகப் பூட்டாமல், சிறு கட்டையில் இறுக்கி, இரண்டு முழ வயர் விட்டுக் கேளுங்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும். இதை நீங்களே செய்ய வேண்டாம், பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கவே வேண்டாம். கிளிநொச்சியில் ஒரு மின்தொழிலாளரிடம் கொடுத்தேன், ஒரு பின்னேரத்தில் முடித்துத் தந்தார். பலகை வீட்டில் கிடந்தது. ஹோல்டர், சுவிச், வயர், பிளக், நாலு பல்ப், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஆறாயிரம் என்று ஒதுக்குங்கள். பற்றுச்சீட்டை எறிய வேண்டாம்.

பிளக் விசயத்தில்தான் நான் விழுந்தேன். என்னுடையது 13 அம்பியர் சதுரப் பின். அந்த வகுப்பறையில் இருந்தது பழைய 5 அம்பியர் வட்டப் பின். இரண்டுக்கும் இடையில் போடும் அடப்டர் ஒன்று பையில் எப்போதும் கிடக்கட்டும். பல்ப்பிலும் இதே சிக்கல் உண்டு: பின் பல்ப்பா, ஸ்குரூ பல்ப்பா என்று பார்த்து ஒரே வகையாக வாங்குங்கள்.

வாங்க வேண்டியது: 60 வாற்று குண்டு பல்ப் (புத்தகத்தில் இழை மின்குமிழ்), 14 வாற்று அளவில் ஒரு சீ.எஃப்.எல். (வளைந்த குழாய் பல்ப்), 9 வாற்று எல்.ஈ.டி. (புத்தகத்தில் ஒளிகாலும் இருவாயி; பிள்ளைகள் இந்தப் பெயரைப் பரீட்சைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்). நாலாவதாக, சாமிப் படத்துக்கு முன் எரியுமே, அந்தச் சின்னச் சிவப்பு பல்ப். அதை மறக்க வேண்டாம், பாடத்தின் கதாநாயகன் அவன்தான்.

குண்டு பல்ப் தேடி மூன்று ஹாட்வெயார் கடை ஏறி இறங்கினேன். "இப்ப ஆர் வாங்கினம்?" என்றார்கள். கடைசியில் கோழித்தீன் விற்கும் கடையில் கிடைத்தது. கோழிக்குஞ்சுப் பெட்டிக்குச் சூடு கொடுக்க அதைத்தான் போடுகிறார்கள். பாடத்தில் பாதியை அந்தக் கடைக்காரரே சொல்லித் தந்துவிட்டார்: உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்துப் பங்குதான் வெளிச்சமாக வருகிறது, மற்றதெல்லாம் சூடு. குஞ்சுக்கு அது வேணும். படிக்கிற மேசைக்கு வேண்டாம்.

4. பள்ளிக்கூட மீற்றரை முதல் நாளே பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இலத்திரனியல் மீற்றரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு லைற் சிமிட்டும். அதன் பக்கத்தில் 1600 அல்லது 1000 அல்லது 3200 என்று ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிற், அதாவது ஒரு கிலோவாற்று மணி. உங்கள் பாடம் முழுக்க அந்தச் சிமிட்டலில்தான் நிற்கிறது.

பள்ளிக்கூட மீற்றரில் அதைக் காட்டலாம் என்று நான் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். லைற் நிற்காமல் படபடவென்று சிமிட்டியது. கணினி அறை ஓடுகிறது, தண்ணீர் மோட்டர் ஓடுகிறது, அலுவலகத்தில் மூன்று ஃபேன். அதற்குள் என் 9 வாற்று பல்ப்பை எங்கே தேடுவது? சில பாடசாலைகளில் மூன்று கட்ட மீற்றர், அது இன்னும் குழப்பம். எனவே இரண்டு வழி: முழுப் பாடசாலையையும் பத்து நிமிடம் நிறுத்தித் தருவார்களா என்று அதிபரிடம் கேளுங்கள் (தரமாட்டார்கள்). அல்லது அதே மின்தொழிலாளரிடம் ஒரு பழைய துணை மீற்றர் வாங்கி உங்கள் பலகையிலேயே பூட்டுவியுங்கள். வாடகை வீடுகளில் அறைக்கு அறை போடுகிற அதே சாமான்தான். யாரோ பாவித்த ஒன்றை நான் மலிவாக எடுத்தேன். இந்த ஒரு செலவுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்றைக்கே ட்ரிப் சுவிச் (மின் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை வெட்டுவது) எங்கே என்று பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானைப் பொறுப்பானவரைக் கொண்டு அழுத்துவியுங்கள். விழவில்லை என்றால் அந்த வகுப்பறையில் பாடம் நடத்த வேண்டாம்.

5. பாடம்

வரலாற்றில் தொடங்காதீர்கள். எடிசன் பெயரை எடுத்தால் பத்து நிமிடம் போய்விடும்.

முதலாவது, வெளிச்சம். 60 இருக்கிற இடத்தில் 9 எப்படிக் காணும் என்பதுதான் பிள்ளைகளின் முதல் சந்தேகம். "வாற்று கூடினா வெளிச்சமும் கூடத்தானே, மிஸ்?" வாற்று என்பது பல்ப் தின்கிற அளவு, வெளிச்சம் லூமனில் என்று சொல்லலாம். 60 வாற்று குண்டு பல்ப் தருவது சுமார் 700 லூமன், 9 வாற்று எல்.ஈ.டி. தருவது சுமார் 800. சொன்னால் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள். காட்ட வேண்டும்.

இதற்குக் கருவி ஒரு வெள்ளைத் தாளும் ஒரு துளி தேங்காய் எண்ணெயும். தாளின் நடுவில் எண்ணெயைத் தொட்டு வைத்தால் ஒரு பொட்டு விழும். கட்டையில் பூட்டிய இரண்டு ஹோல்டரையும் மேசையின் இரு அந்தத்தில் நாலடி இடைவெளியில் படுக்கவைத்து, இரண்டு பல்ப்பின் உச்சியும் தாளைப் பார்க்கும்படி திருப்புங்கள். இடையில் தாளை நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். வெளிச்சம் கூடிய பக்கத்திலிருந்து பார்த்தால் பொட்டு கறுப்பாகத் தெரியும், குறைந்த பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தில் பொட்டு மங்கி மறையும். எங்களுக்கு அது நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி, குண்டு பல்ப் பக்கமாக மறைந்தது. எல்.ஈ.டி.தான் கூட. கடைசி வாங்கிலிருந்த ஒரு பெடியன் எழுந்து வந்து தானும் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் போய் இருந்தான்.

பொறி ஒன்று இருக்கிறது. எல்.ஈ.டி. முன்பக்கமாகத்தான் கூடுதலாக ஒளியை வீசும். அதைப் பக்கவாட்டில் வைத்து அளந்தால் தோற்றுவிடும், முன்னால் வைத்தால் கொஞ்சம் கூடுதலாகவே வெல்லும். பெரிய வகுப்பென்றால் இதையும் ஒளிச்சுமறைக்காமல் சொல்லுங்கள்.

அறை இருட்டாக இருக்க வேண்டும். எங்கள் வகுப்பறைகளில் அரைச்சுவரும் கம்பிவலையும்தான், வெயில் நேரே உள்ளே வரும். நூலகமோ கணினி அறையோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி உள்ளே கறுப்புத் துணி ஒட்டுங்கள்.

இரண்டாவது, சூடு. மூன்று பல்ப்பையும் ஐந்து நிமிடம் எரியவிட்டு, ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டச் சொல்லுங்கள். தொட விடாதீர்கள், குண்டு பல்ப் கொப்புளம் போட வைக்கும். ஈரத்துணியையும் கிட்டக் கொண்டுவர விடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

மூன்றாவதுதான் மீற்றர். குண்டு பல்ப்பை மட்டும் போட்டு, ஒரு சிமிட்டலிலிருந்து அடுத்த சிமிட்டல் வரை எத்தனை விநாடி என்று எண்ணச் சொல்லுங்கள். 1600 மீற்றரில் 37 அல்லது 38 வரும். சீ.எஃப்.எல்.லுக்கு 160 அளவில். எல்.ஈ.டி.க்கு 250, நாலு நிமிடத்துக்கும் மேல். முதல் நிமிடம் வகுப்பு கத்தி எண்ணும். மூன்றாவது நிமிடம் சத்தம் குறையும். "மீற்றர் பழுதோ மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். காத்திருந்து களைத்ததுதான் பாடம்.

கணக்கு இப்படி: 1600 மீற்றரில் 2250ஐ விநாடியால் வகுத்தால் வாற்று. 1000 என்றால் 3600ஐ வகுக்க வேண்டும், 3200 என்றால் 1125ஐ. கரும்பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

6. வீட்டு வேலை கொடுக்கும்போது கவனம்

இங்கே நான் செய்த பிழை ஒரு பிள்ளையை அழ வைத்தது. எல்லோரையும் கரண்ட் பில் கொண்டு வரச் சொன்னேன். ஒரு பிள்ளை கொண்டு வந்தது சிவத்த பில், நிலுவை கட்டாவிட்டால் வெட்டுவோம் என்ற அறிவித்தல். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு இணைப்பே இல்லை, ஒரு சின்னச் சூரியத் தகடும் ஒரு லைற்றும்தான். அவள் மறதி என்று சொல்லிச் சமாளித்தாள்.

பில் கேட்காதீர்கள். மூன்று இலக்கம் மட்டும் ஒரு துண்டில் பெயரில்லாமல் எழுதிவரச் சொல்லுங்கள்: எத்தனை நாள், எத்தனை யூனிற், வீட்டில் எத்தனை லைற். இப்போது பல வீடுகளுக்குப் பில் குறுந்தகவலாகத்தான் வருகிறது, அதிலிருந்தும் பார்க்கலாம். இணைப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சூரியத் தகட்டில் எத்தனை மணி நேரம் லைற் எரிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். வகுப்பிலேயே மிகக் குறைந்த சக்தியில் வாழத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வீட்டு மீற்றரைப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டும்தான். மூடியைத் திறக்கவோ சீலைத் தொடவோ கூடாது. சீல் உடைந்திருந்தால் மின்சார அலுவலகத்துக்குப் பதில் சொல்லப்போவது தகப்பன்.

7. அறுபதாவது யூனிற்

வீடுகளிலிருந்து துண்டுகள் வந்து, என்ன லைற் என்று வகுப்பில் கேட்டபின் தெரிந்தது: குண்டு பல்ப் எந்த வீட்டிலும் இல்லை, கோழிக்கூட்டைத் தவிர. ஆகவே "குண்டு பல்ப்பை மாற்றி இவ்வளவு மிச்சம் பிடியுங்கள்" என்ற சுவரொட்டிக் கணக்கு இங்கே செல்லாது. அதை நம்பிப் போனால் பிள்ளைகள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் சாமி லைற் கரண்ட் இணைப்புள்ள எல்லா வீட்டிலும் இருந்தது. நான் வாங்கியதில் 15 வாற்று என்று போட்டிருந்தது. சின்ன பல்ப், மங்கல் வெளிச்சம், யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் இரவு பகல் 24 மணி நேரமும் எரிகிறது. 15 வாற்று, 24 மணி, 30 நாள்: 10.8 யூனிற். கூடத்தில் தினமும் ஐந்து மணி நேரம் எரியும் 9 வாற்று எல்.ஈ.டி. மாதம் தின்பது 1.35 யூனிற். பிள்ளைகள் இந்த இரண்டையும் அருகருகே எழுதியபோது வகுப்பில் ஒரு சலசலப்பு.

"சாமி லைற்றை நிப்பாட்டினா அம்மம்மா ஏசுவா, மிஸ்."

நிறுத்தச் சொல்லாதீர்கள். அரை வாற்று எல்.ஈ.டி. சிவப்பு பல்ப் கடையில் இருக்கிறது. அதே ஹோல்டரில் போகும், மாதத்துக்கு 0.36 யூனிற். அம்மம்மாவுக்கும் சரி, மீற்றருக்கும் சரி.

இது ஏன் பெரிய விசயம் என்றால், வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. நான் பாடம் நடத்திய காலத்தில் 30, 60, 90, 120, 180 என்று படிகள். அதில் 60தான் பள்ளம். மாதம் 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதலாவது யூனிற்றிலிருந்தே விலை வேறு, நிலையான கட்டணமும் கூடும். ஒரு துண்டில் 64 என்று இருந்தது. சாமி லைற்றை மாற்றினால் 54க்குக் கிட்ட வரும், பள்ளத்துக்கு இந்தப் பக்கம். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாக் கணக்கை அன்றைய பில்லிலிருந்து போடுங்கள், என்னிடமிருந்து எடுக்க வேண்டாம். நாட்களையும் கவனியுங்கள்: மீற்றர் பார்க்கிறவர் 34 நாளில் வந்திருந்தால் படிகளின் எல்லையும் அதற்கேற்ப நீளும்.

நேரமிருந்தால் இன்னொன்று சொல்லலாம். நாடு முழுக்க மின்சாரத் தேவை உச்சமாகும் நேரம் பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை. லைற் எரிவதும் அப்போதுதான். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டியதைச் சின்னப் பிள்ளைகளும் மறக்கவில்லை, நீங்கள் நீட்டத் தேவையில்லை.

8. கடையில் என்ன பார்ப்பது

பெட்டியில் வாற்று மட்டும் போட்டு லூமன் போடாத எல்.ஈ.டி.யை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உத்தரவாதத்துக்குத் திகதி எழுதி, கடை முத்திரை குத்தி வாங்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் ஆறாம் மாதம் மாற்றித் தரமாட்டார்கள். 25,000 மணி என்று போட்டிருப்பது நல்ல காற்றோட்டத்தில். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டால் பல்ப்பின் அடியிலுள்ள மின்சுற்று வெந்து சீக்கிரம் போய்விடும். முற்றத்துக்கு மஞ்சள் ஒளி (3000 கெல்வின்) வாங்குங்கள். வெள்ளை ஒளிக்கு (6500) மாரியில் ஈசல் கூடுதலாக வந்து விழும், அதைத் தேடிப் பல்லியும் தவளையும் வரும், பிறகு தவளையைத் தேடி வருவது எது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

9. சீ.எஃப்.எல். உடைந்தால்

உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு யன்னலைத் திறந்து, கால் மணி நேரம் விடுங்கள். விளக்குமாறு போடாதீர்கள். தடித்த மட்டையால் கூட்டி அள்ளி, தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள போத்தலில் போட்டு இறுக்குங்கள். குப்பைக் கிடங்கில் போட்டு எரிப்பதுதான் நம் வழக்கம், இதை எரிக்கக் கூடாது. பழுதானவற்றையும் உடையாமல் பெட்டியில் சேர்த்து, மின்கழிவு எடுக்கும் நாளை உங்கள் பிரதேச சபையில் கேளுங்கள்.

10. முடிந்த பிறகு

பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த பாடசாலைக்குப் போகும்போது, இங்கே நடத்தினேன் என்று அதிபரிடம் ஒரு சிறு கடிதம் வாங்கியிருந்தால் வலயத்தில் வேலை பாதியாகக் குறையும். அந்த மூன்று இலக்கத் துண்டுகளைப் பாடசாலையிலேயே விட்டுவிடுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்.

குண்டு பல்ப்பை நான் திருப்பிக் கொண்டுவரவில்லை. "மிஸ், அதை எறியப் போறீங்களோ?" என்று கேட்டு ஒரு பெடியன் பின்னாலேயே வந்தான். வீட்டில் பதினெட்டுக் குஞ்சாம், இரவில் குளிராம். கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள், பெட்டியிலிருக்கும் ஹோல்டர் பின்னா ஸ்குரூவா என்று மட்டும் கேட்டுவிட்டு.